அகலச் சாலை போட்டால் நெரிசல் தீரும் என்று கணினி சொன்னதா?

“சாலையை அகலப்படுத்தினால் 20 ஆண்டுக்கு நெரிசலே வராது, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

போக்குவரத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி (மாடல்) ஜோசியம் பார்ப்பதில்லை. நாம் கொடுக்கும் அனுமானங்கள் அப்படியே நடந்தால் என்ன ஆகும் என்று மட்டும்தான் சொல்லும். வழக்கமான நான்கு படி மாதிரியில் எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், பஸ்ஸா காரா, எந்த வழி என்று வரிசையாகக் கணக்கிடுவார்கள். வீடும் வேலையும் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சிக்கலே அங்கேதான்.

ஊருக்கு வெளியே ஒரு காலி நிலம் என்று வையுங்கள். நகருக்கு வர 50 நிமிடம். சாலை அகலமானதும் 30 நிமிடம். உடனே மனை விற்கும், வீடு வரும், அந்த வீட்டுக் கார்களும் அதே சாலையில்தான் ஏறும். வீடும் வேலையும் இடம் மாறாது என்று வைத்துக்கொண்ட அந்த மாடலுக்கு இந்தக் கார்கள் தெரியவே தெரியாது.

சரி, இதைக் கணக்கில் எடுக்க முடியாதா? முடியும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்காக லவ்ரி என்ற ஆய்வாளர் 1964-லேயே வேலையிடத்தையும் குடியிருப்பையும் இணைத்து மாதிரி செய்துவிட்டார். அப்புறம் 1968-இல் பிரேஸ் என்ற கணிதவியலாளர், புதுச் சாலை ஒன்றைச் சேர்த்தால் சில வலைப்பின்னல்களில் எல்லாருடைய பயண நேரமும் கூடும் என்றே காட்டினார்.