சிறு அணைகளைப் பற்றியும் பேசுங்கள்

அணையின் அடியிலிருந்து திறந்துவிடும் நீர் கோடையில் ஆற்றைக் குளிரவைக்கிறது என்று, அணைகள் ஆற்றுநீரின் வெப்பநிலையை மாற்றுவது பற்றிய உங்கள் கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் அது உயரமான அணைகளின் கதை. சின்ன அணைகளில் பெரும்பாலும் நேர் எதிராக நடக்கும். தேங்கி நின்று வெயிலில் சூடேறிய மேல்மட்ட நீர்தான் வழிந்து ஓடைக்குப் போகிறது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மீனுக்கோ அப்போதுதான் ஆக்சிஜன் தேவை கூடும். ட்ரவுட் போன்ற குளிர்நீர் மீன்கள் பாவம், மூச்சுக்குத் திணறும். அப்புறம் நீர்ப்பூச்சிகள். அவற்றில் பல வெப்பநிலையைப் பார்த்துத்தான் முட்டையிலிருந்து வெளிவருகின்றன, சிறகு முளைத்துப் பறக்கின்றன. நீர் சூடேறினால் அந்தக் காலக்கணக்கு தவறிவிடும்.

கலிஃபோர்னியாவின் சாஸ்டா அணையில் குளிர்ந்த நீர் தேவைப்படும் சால்மன் மீன்களுக்காகவே, வெவ்வேறு ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் அமைப்பை 1997-இல் முடித்தார்கள். பெரிய அணைக்கு அது சரி. பயனற்றுக் கிடக்கும் சிறு அணைகளை இடித்து அகற்றிவிடலாம் என்பதே என் கருத்து.