அழுதவரின் பெயராலேயே அழக்கூடாது என்கிறார்கள்

அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். இணைப்பை அனுப்பிக் கருத்துக் கேட்ட எல்லோருக்கும் இதுவே என் பதில். மகனின் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறிய ஒரு தாயை, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "விசுவாசி அழக்கூடாது, சாட்சி கெட்டுப்போகும்" என்று அதட்டிய அந்தப் போதகர், டிசம்பர் மாதம் முழுவதும் "வார்த்தை மாம்சமாகி" என்று எத்தனை மேடைகளில் முழங்கினாரோ தெரியவில்லை. தேவன் மனிதனாகப் பிறந்தார் என்பதுதான் அதன் பொருள். அப்படி மாம்சமான இயேசு அழக்கூடிய கண்களோடுதான் வந்தார். பெத்தானியாவில் செத்துப்போன தன் நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போனபோது, இன்னும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார்.

"துக்கிக்காதிருங்கள் என்று பவுல் எழுதவில்லையா?" என்று சிலர் வருவீர்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கே சபையாருக்கு அவர் எழுதினார். வசனத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். "இயேசு லாசருவுக்காக அழவில்லை, ஜனங்களின் அவிசுவாசத்திற்காக அழுதார்" என்பது இன்னொரு விளக்கம். அப்படி விளக்கியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எதற்காக அழுதிருந்தாலும் அழுதது அழுததுதானே? போதகரைக் குறை சொல்லாதே என்பதற்காக "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற வசனத்தோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை.

இயேசுவின் உடல் வெறும் தோற்றம், அவர் பாடுபட்டதும் தோற்றம் என்று போதித்தவர்கள் ஆதிச் சபையிலேயே இருந்தார்கள். ரோமில் மிருகங்களுக்கு இரையாகக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸ், அவர் பாடுபட்டது வெறும் தோற்றமென்றால் நான் ஏன் விலங்கு பூண்டிருக்கிறேன் என்று வழியிலிருந்தே கடிதம் எழுதிக் கேட்டார். 325இல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம், இயேசு பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. 451இல் கல்கெதோன் சங்கம் அவர் மெய்யான தேவன், மெய்யான மனிதர் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை அவர் பிறந்த முன்னணையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். சீகார் கிணற்றருகே களைத்து உட்கார்ந்தவரும், சிலுவையில் தாகமாயிருக்கிறேன் என்றவரும், உயிர்த்தெழுந்த பின்னும் பொரித்த மீனை வாங்கித் தின்றவரும் நம் பிரசங்கங்களில் அநேகமாகத் தென்படுவதேயில்லை.

என் அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் ஜெபிக்க வந்த ஒருவர், "சரீரம் வெறும் கூடுதான் அம்மா, ஆத்துமாவைப் பாருங்கள்" என்று உபதேசித்தார். அப்போதுதான் படுக்கைப்புண்ணைத் துடைத்து மருந்து வைத்து முடித்து, அப்பாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா, பதிலேதும் சொல்லாமல் அடுத்த விரலைப் பிடித்தார். அந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. சரீரத்தைக் கூடு என்பவர்களுக்கு அதைக் கழுவும் வேலை மட்டும் ஒருபோதும் வருவதில்லை. அது எப்போதும் யாரோ ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. ஆனால் சாதி பார்க்கும்போது மட்டும் இதே சரீரம் நமக்குப் பெரிதாகிவிடும். இல்லாவிட்டால் கல்லறைத் தோட்டத்துக்குள் எதற்குச் சுவர்?

நான் விசுவாசத்தைக் கேலி செய்யவில்லை. தேவன் பசித்து, களைத்து, அழுது, செத்தார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீடு அந்த மாதங்களைக் கடந்தது. அதை யாரும் மைக் பிடித்து எங்களிடமிருந்து பிடுங்க வேண்டாம். அந்தப் போதகர் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கட்டும். போகும்போது கேமராவை மட்டும் சபையிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.