எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள், தம்பிகளா

65 ஆயிரம் ரூபாய்க்குக் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய என்னென்ன வாங்குவது என்று நம் குழுவில் போட்டிருந்த அந்த லிஸ்ட் விஷயத்தில் இனி வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்ல வேண்டியதைக் கமெண்டில் சொல்லியாகிவிட்டது. அதற்கு வாங்க வேண்டியதையும் நன்றாக வாங்கியாகிவிட்டது. ஆனால் நேற்று ராத்திரி நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பையன் அதே லிஸ்ட்டை எனக்கே அனுப்பி, "அண்ணே, இதையே வாங்கிடலாம்னு இருக்கேன், ஓகேவா?" என்று கேட்கிறான். அத்தனை லைக் விழுந்திருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டான். அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

ரைசன் 5 5600 புராசசர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஸ்டோரேஜுக்கு எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. இதுவரைக்கும் அந்த லிஸ்ட்டில் நான் குறையே சொல்லவில்லை. 1080பி, அதாவது ஃபுல் எச்டி மானிட்டரில் விளையாடுகிற பையனுக்கு இது நல்ல ஜோடி. கார்டில் 12 ஜிபி மெமரி இருப்பதும் இன்றைய கேம்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும். அதற்குக் கீழே வருவதுதான் வயிற்றெரிச்சல். லிக்விட் கூலர். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட். கலர் கலராக எரிகிற ஃபேன்கள். கடைசி வரியில், "எஸ்எம்பிஎஸ் 450 வாட், கேபினெட்டோடு ஃப்ரீ." வீட்டுக் கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டப்பாதான் எஸ்எம்பிஎஸ்.

நான் கேட்டது ஒரே கேள்வி. 3060 கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று அந்தக் கார்டின் கம்பெனியான என்விடியாவே எழுதி வைத்திருக்கிறது. ஃப்ரீயாக வருகிற 450-ஐ எந்தத் தைரியத்தில் போடச் சொல்கிறீர்கள்? இவ்வளவுதான் கேட்டேன். "450 தாராளம், கணக்குப் போட்டுப் பாருங்க" என்று பதில் வந்தது.

சரி, கணக்கே போடுவோம். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணை விட்டுவிடுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய பவர். அந்தக் கேபினெட்டோடு வருகிற டப்பாவின் ஸ்டிக்கரைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும். 5600 முழு வேகத்தில் ஓடினால் 76 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 246. போர்டு, எஸ்எஸ்டி, அந்தக் கலர் ஃபேன்கள் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. கிராபிக்ஸ் கார்டு ஒரு நொடியின் சின்னத் துண்டில் தன் அளவைத் தாண்டி எகிறி இழுக்கும், அதையும் சேர்க்கவில்லை. மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்துவிட்டு அரை இஞ்ச் பைப்பில் மூன்று குளியலறைக்குத் தண்ணீர் விடுகிற வேலை இது.

லிக்விட் கூலரை எடுங்கள். 5600 புராசசர் பெட்டிக்குள்ளேயே கூலர் போட்டுத்தான் தருகிறார்கள். கம்பெனி போட்டிருக்கும் அளவுப்படி 65 வாட் புராசசர் அது, முழு வேகத்தில்தான் அந்த 76. கடலூர் அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயமாக இருந்தால் சாதாரண ஏர் கூலர் ஒன்று போதும், கொஞ்சப் பணத்தில் முடிந்துவிடும். லிக்விட் கூலரில் மிச்சமாகும் காசுக்கு நல்ல கம்பெனியின், பிரான்ஸ் (Bronze) சான்றிதழ் உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் வரும். மொத்த பட்ஜெட் ஒரு ரூபாய் ஏறாது. நான் யாரையும் கூடுதலாகச் செலவு செய்யச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போடுகிற காசை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றுங்கள் என்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள் என்கிறேன். இதற்கா அவ்வளவு பேச்சு?

நான் பயமுறுத்துகிறேனாம். என் அக்கா மகன் கதை உங்களில் பல பேருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில்தான் வீடு. கல்லூரி சேர்ந்த வருஷம் ஒரு கடையில் மொத்தமாக அசெம்பிள் செய்து வாங்கிக் கொடுத்தார்கள். டெஸ்க்டாப்பில் படம் பார்த்தால், பிரவுசர் திறந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. கேமில் சண்டைக் காட்சி வந்தால் மட்டும் திரை கறுத்து, மிஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் விண்டோஸ் பிரச்சினை என்றார்கள், ஃபார்மேட் செய்து காசு வாங்கினார்கள். அப்புறம் ரேம் என்றார்கள். அப்புறம் டிரைவர். எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாட்டியது அவர்கள்தானே, எப்படிப் பார்ப்பார்கள்?

அப்புறம் ஃபெங்கல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். அக்கா தெருவில் கரண்ட் திரும்ப வந்தபோது எங்கேயோ நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், விட்டிருந்தது. நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய வீட்டுக்கு 300, 400 என்று வோல்டேஜ் ஏறும். பக்கத்து வீட்டில் டிவி போனது. அக்கா வீட்டில் கம்ப்யூட்டர். எஸ்எம்பிஎஸ் வெடித்தது மட்டும் என்றால் பரவாயில்லை. போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு வைத்த நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால், செத்தாலும் பெரும்பாலும் அது மட்டும்தான் சாகும். என் அப்பா அந்த டப்பாவின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பாதி இடம் காலி. இன்புட் பக்கம் ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் பாகமே இல்லை, ஒரு வயர்த் துண்டை வைத்து நேராக இணைத்திருந்தார்கள். போர்டில் அந்தப் பாகத்துக்கான பெயர் மட்டும் வெள்ளை எழுத்தில் அச்சாகியிருந்தது.

இதைக் கண்ணால் பார்த்தவன் நான். நான் சொல்லாமல் யார் சொல்வது?

"என் மிஷின் மூன்று வருஷமாக லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்று ஒரு நண்பர். உங்கள் கார்டு ஜிடிஎக்ஸ் 1650 என்று உங்கள் பழைய பதிவிலேயே இருக்கிறது. 75 வாட் கார்டு. நீங்கள் வாங்கியது தனியாக பவர் ஒயரே கேட்காத மாடல், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 3060 அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். உங்கள் அனுபவம் உங்கள் மிஷினுக்கு உண்மை. இந்தப் பையன் மிஷினுக்கு அது எப்படி உண்மையாகும்?

"ஸ்டெபிலைசர் போட்டால் போதும்" என்பவர்களுக்கு: 12 வோல்ட்டில் தெம்பில்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியே எதை மாட்டினாலும் தெம்பு வராது. யுபிஎஸ்ஸும் அப்படித்தான். பில்லிங் கவுன்டரில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் கிட்டத்தட்ட 360 வாட்தான் தாங்கும். அதில் கேமிங் மிஷினையும் மானிட்டரையும் மாட்டிவிட்டு, கரண்ட் போன உடனே எல்லாம் அணைந்துவிட்டது என்று சொல்லக் கூடாது.

ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, எங்கேதான் குறைப்பது என்று கேட்டவர்கள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. நியாயமான கேள்வி. ஏஐ டேட்டா சென்டர்களுக்குத்தான் மெமரி கம்பெனிகள் சரக்கைத் திருப்பிவிடுகின்றன, 2025 கடைசியிலிருந்து நம் மாதிரி ஆட்கள் வாங்கும் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. குறைக்க இடம் இருக்கிறது. பி550 போர்டுக்குப் பதில் பி450 எடுத்தால் 5600 அதிலும் ஓடும். மதர்போர்டுக்குள் இருக்கும் பயாஸ் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி கேபினெட்டை விட்டுவிட்டு முன்னால் வலை வைத்தது எடுங்கள், விலையும் குறைவு, காற்றும் நன்றாகப் போகும். கார்டை ஆர்எக்ஸ் 6600-க்கு இறக்கினால்கூட 1080பி-யில் நன்றாகவே ஓடும், 132 வாட்தான் இழுக்கும். கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் நான் தடுக்க மாட்டேன், கண்ணெதிரே கேம் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். ரேம் மட்டும் 16-ஐ ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாக வாங்குங்கள், வேகத்தில் வித்தியாசம் தெரியும். எங்கே வேண்டுமானாலும் குறையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் குறைக்காதீர்கள்.

பழைய இன்டெல் ஐ7 புராசசர் வாங்கிப் போடு, பெயர் பெரிசு என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நாலாம் தலைமுறை ஐ7 2013-இல் வந்தது. விண்டோஸ் 11 அதை ஏற்காது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்துவிட்டது. பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்குக் கமிஷன் வருகிறது என்று எழுதியவருக்கு ஒன்று சொல்கிறேன். நான் எந்தக் கம்பெனி பெயரையும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஸ்டிக்கரைப் படியுங்கள், வாரண்டி எத்தனை வருஷம் என்று கேளுங்கள், ஜிஎஸ்டி பில் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். பிரான்ஸ் சான்றிதழ்கூட கரண்ட் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்லும், முழுத் தரத்தையும் சொல்லாது, அதனால் வாரண்டியையும் பாருங்கள் என்று அன்றைக்கே எழுதினேன். கமிஷன் வாங்குகிறவன் இப்படியா எழுதுவான்?

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். "வயர்மேன் பையனுக்கு வயர்மேன் புத்திதானே இருக்கும், கேமிங் பத்தி இவருக்கு என்ன தெரியும்" என்று ஒரு கமெண்ட் போட்டீர்கள் பாருங்கள், அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், என் அப்பா வயர்மேன். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. அப்போது ராத்திரி பகல் பார்க்காமல் வீடு வீடாகப் போய் நனைந்த வயரிங்கை மாற்றிக் கொடுத்த ஆள். காசு இல்லை என்று சொன்ன வீட்டிலும் வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார். உங்கள் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறதே, எர்த்திங் இல்லாததால் வருவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். மூன்று பின் பிளக்கில் கன்வெர்ட்டர் மாட்டி இரண்டு பின்னாக்கி, எர்த்தைத் துண்டித்துவிட்டு, ஷாக் அடிக்குது என்று குழுவில் வந்து கேட்கிறீர்களே, அப்போது யாரிடம் கேட்கிறீர்கள்? அந்த வயர்மேன் புத்தியிடம்தானே?

அவருக்கு அந்த கமெண்டை யாரோ காட்டிவிட்டார்கள். ஒன்றும் பேசவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

லைக் வாங்குவதற்காக லிஸ்ட் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. இந்த ஊரில் 65 ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்த நெல்லிக்குப்பம் பையனின் அம்மா மகளிர் குழுவில் லோன் எடுத்துக் கொடுக்கிறார். வாரா வாரம் தவணை கட்ட வேண்டும். மிஷின் எரிந்துபோனாலும் தவணை நிற்காது. சென்னையில் இருப்பவனுக்கு, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் ஒரு மணி நேரத்தில் போய்வருகிற இடம். இங்கிருந்து மாற்றிவர ஒரு நாள் பிழைப்பு போகும். கூரியரில் அனுப்பினால் வாரண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அந்த அம்மாவிடம் போய், கலர் ஃபேன் அழகாக இருந்தது, அதனால் எஸ்எம்பிஎஸ்ஸை ஃப்ரீயாக வாங்கச் சொன்னேன் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. கேமிங் மிஷின் வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அந்த ஆசைக்காகக் கடன் வாங்குகிறவர்களின் காசில் விளையாடக் கூடாது.

நெல்லிக்குப்பம் தம்பிக்கு: உன் லிஸ்ட்டை மாற்றி இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறேன். லிக்விட் கூலரை எடுத்துவிட்டேன், கேபினெட் மாறியிருக்கிறது, எஸ்எம்பிஎஸ் மாறியிருக்கிறது. மற்றதெல்லாம் நீ கேட்டதுதான். புதுச்சேரியில் வாங்கினாலும் கடலூரில் வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. 12 வோல்ட் கட்டத்தில் 40 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் வாங்காதே, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மானிட்டர் ஒயரை மதர்போர்டில் குத்தாமல் கிராபிக்ஸ் கார்டில் குத்து. உன் அறை பிளக்கில் எர்த் வருகிறதா என்று அப்பா வந்து பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரு.