ஓரத்துக் கம்பத்தைப் பார்த்து ஒரு கிராண்ட்மாஸ்டர்

ஹட்டன் டவுனில் முடி வெட்டப் போனால் தலைக்கு மட்டும்தான் வேலை என்று நினைத்திருந்தேன். சலூனில் பெரிய செஸ் ஆட்டம் ஒன்று ஃபோனில் ஓடினால் போதும், வெட்ட வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர் எல்லாரும் கிராண்ட்மாஸ்டர்.

பலகையை யாராவது பார்க்கிறார்களா? ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஏறி இறங்கும் கம்பத்தைத்தான் பார்க்கிறார்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி கணக்குப் போட்டுக் காட்டுவது அது. கம்பம் சற்றுச் சரிந்தால், "ஐயோ, இதுகூடத் தெரியாதா இவனுக்கு?" தெரியாதுதான் அண்ணே. ஆடுகிறவர் பக்கத்தில் கணினி இல்லை. குதிரை எப்படிப் போகும் என்று போன வாரம் என்னிடம் கேட்டது நீங்கள்தானே?

2024 டிசம்பர் 12ஐ மறக்கவே மாட்டேன். சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்காக குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் கடைசி, 14ஆவது ஆட்டம். "டிரோதான், எழுதி வச்சுக்க" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த மாமா, டிங் 55ஆவது நகர்த்தலில் கோட்டைக் காயை எஃப்2 கட்டத்தில் வைத்துக் கோட்டை விட்டதும் "நான் அப்பவே சொன்னேனே" என்றார். எப்ப சொன்னீங்க? பிளேன்டீ கேட்டதைத் தவிர வேறு என்ன சொன்னீங்க? மணிக்கணக்கில் மூளையைக் கசக்கிய மனுசன் செய்த ஒரு பிழைக்கு, பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே தீர்ப்பு!

நேற்று மழை வலுத்து சிக்னல் போனது. கம்பம் அப்படியே நின்றுவிட்டது. யாருக்கும் வாயே திறக்கவில்லை. ஆகா, என்ன அமைதி! அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தேன். வெட்டுகிற தம்பியும் கத்தரியோடு அந்த ஃபோன் முன்னால்தான் நிற்கிறான். என் தலையில் பாதிதான் முடிந்திருந்தது.