மாதம் 5 கிலோ கணக்கு சரியில்லைங்க

"கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையைத் தினமும் அரை மணி நேரம் சுற்றினால் போதும், சாப்பாட்டில் கை வைக்காமலே மாதம் 5 கிலோ இறங்கும்" என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். நடப்பது நல்லதுதாங்க, கணக்குதான் உதைக்கிறது. 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். மாதம் முழுக்க விடாமல் நடந்தாலும் அரை கிலோ சொச்சம்தான். அதுவும் நடை முடிந்ததும் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் உள்ளே போகாமல் இருந்தால்! (நம்ம கோயமுத்தூரில் அது நடக்கிற காரியமா?) எடை குறைய வேண்டுமென்றால் தட்டிலும் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும்.

அதற்காக, இன்னொருத்தர் சொன்ன மாதிரி "10 நிமிஷத்துக்குக் குறைந்த நடையெல்லாம் வீண்" என்பதும் தப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. ஒவ்வொரு தடவையும் 10 நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2020 வழிகாட்டுதலில் இல்லை. இரத்த அழுத்தம், தூக்கம், மனசு, எடை இறங்காவிட்டாலும் இதற்கெல்லாம் பலன் உண்டு. சர்க்கரை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டபின் தெருவில் ஒரு நடை போய்வரலாம். சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுகிற சர்க்கரை கொஞ்சம் மட்டுப்படும்.