டெம்ப்ளேட்: ஹோஸ்ட்நேமை மாற்றினால் மட்டும் போதாது

மன்னார்குடி கல்லூரி லேபுக்குப் பத்து உபுண்டு விஎம் (மெய்நிகர் மெஷின்) வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு, "டெம்ப்ளேட்டிலிருந்து உருவாக்கி ஹோஸ்ட்நேமை மாற்றினால் போதும், எல்லாம் தனித்தனி மெஷின்" என்று மேலே ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். டெம்ப்ளேட் என்பது நகலெடுக்க வைத்திருக்கும் மாதிரி விஎம், ஹோஸ்ட்நேம் என்பது மெஷினின் பெயர். அப்படி நகலெடுத்தால் டிஸ்க் தனி, அது சரி. உள்ளே இருக்கும் அடையாளம் தனி இல்லை.

எட்ஸி (/etc) கோப்புறையில், மெஷினின் அடையாள எண்ணை வைத்திருக்கும் மெஷின்-ஐடி கோப்பும் சேர்ந்தே நகலாகிறது. உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் காட்டும் அடையாளத்தை அந்த ஐடியிலிருந்துதான் உருவாக்குகிறது. மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் எண்) வேறாக இருந்தும் இரண்டு விஎம்கள் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு மல்லுக்கட்டுவது இதனால்தான். கும்பகோணத்தில் ஒரு ஆபீஸில் இப்படி நடந்தபோது, கேபிளையும் சுவிட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தே பொழுது போய்விட்டது.

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் வழி) ஹோஸ்ட் கீ, அதாவது மெஷின் தன்னை நிரூபிக்கக் காட்டும் சாவி, இன்னும் மோசம். நகலான கீ அப்படியே இருந்துவிட்டால், ஒரு மெஷினில் ரூட் (முழு நிர்வாக அதிகாரம்) கிடைத்தவர் மற்ற ஒன்பதில் எதுவாகவும் நடிக்கலாம். மாணவர்கள் கையில் கொடுக்கப்போகும் லேப், இதை விடவே கூடாது.

தம்பி, டெம்ப்ளேட்டாக மாற்றும் முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். கோப்பையே அழிக்க வேண்டாம், வெறுமையாக இருந்தால் அடுத்த பூட்டில் புது ஐடி வந்துவிடும். ஹோஸ்ட் கீக்களை நீக்கி, முதல் பூட்டில் மெஷினை அமைக்கும் கிளவுட்-இனிட் நிரலின் பழைய பதிவுகளை நீக்க 'கிளவுட்-இனிட் கிளீன்' ஓட்டி, மெஷினை அணைத்துவிடுங்கள். புது விஎம்மின் முதல் பூட்டில் கிளவுட்-இனிட் புது கீ போட்டுக்கொள்ளும். விண்டோஸ் என்றால், பழைய அடையாளத்தை நீக்கும் சிஸ்பிரெப் கருவியில் ஜெனரலைஸ். அப்புறம், டெம்ப்ளேட்டைத் திருத்துவதால் ஏற்கெனவே உருவாக்கிய விஎம்கள் மாறாது. அவற்றில் தனியாகத்தான் செய்ய வேண்டும்.