சீரியல் மோடத்துக்கு டிரைவரே வேண்டாம்

"லினக்ஸில் டயல்-அப் மோடம் எதுவும் ஓடாது, டிரைவர் கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார் (டயல்-அப் மோடம் என்பது தொலைபேசி லைன் வழியாக இணையத்தில் சேர்க்கும் கருவி). வின்மோடத்துக்கு, அதாவது பாதி வேலையை மென்பொருளிடம் விட்டுவிடும் மோடத்துக்கு, அது ஓரளவு பொருந்தும், அவ்வளவுதான். பிசிஐ ஸ்லாட்டில் செருகும் மலிவு அட்டைகள் பலவற்றில் சிக்னலைப் பிரிக்கும் வேலையைக் கணினியின் சிபியூவே செய்தாக வேண்டும். அதற்கான மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிய தயாரிப்பாளர்கள்தான் அதிகம்.

சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் வேறு ரகம். விண்டோஸில் காம்1 எனப்படும் போர்ட் லினக்ஸில் டிடிஒய்எஸ்0, காம்2 என்றால் டிடிஒய்எஸ்1. மினிகாம் என்ற, மோடத்தோடு பேச உதவும் நிரலில் அந்தப் போர்ட்டைத் திறந்து, வேகம் 115200 வைத்து, ஏடி (AT) என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று பதில் வந்தால் மோடம் பேசுகிறது. 'பெர்மிஷன் டினைட்' வந்தால் டெபியன் லினக்ஸில் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள் (இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு மோடத்தைத் திட்டுகிறவர்கள் ஏராளம்). 'நோ டயல்டோன்' என்றால் முதலில் ஒயர்: லைன் துளையிலா, ஃபோன் துளையிலா மாட்டியிருக்கிறீர்கள்? அது சரியாக இருந்தால் ஏடிஎக்ஸ்3 (ATX3) என்ற கட்டளையைக் கொடுங்கள். டயல்டோனுக்குக் காத்திருக்காமல் எண்ணைப் போடும்.

இணைப்பு வந்தும் பக்கம் திறக்காததற்கு மோடத்தைக் குறை சொல்லாதீர்கள். ஈத்தர்நெட் வழியாக ஏற்கெனவே டிஃபால்ட் ரூட் (இணையப் போக்குவரத்து வழக்கமாகச் செல்லும் வழி) இருந்தால், டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபிடி (pppd) நிரல் தானாக அதை மாற்றாது. அதை நீக்கிவிட்டு, பிபிபிடியின் டிஃபால்ட்ரூட் (defaultroute), யூஸ்பியர்டிஎன்எஸ் (usepeerdns) இரண்டு ஆப்ஷனையும் சேர்த்து மறுபடி டயல் செய்யுங்கள்.